தூங்கும் ஆம்ப்ளிஃபயரை எழுப்பியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கடைத்தெருவில் ஒரு வரிசை நிற்கும். மின்சாதனக் கடையின் மாடிப்படியில் தொடங்கி, பக்கத்து பேக்கரியின் வாசலை மறைத்து, தெருமுனை வரை போகும். நிற்பவர்கள் எல்லோரும் படித்தவர்கள். பல் மருத்துவர் நிற்பார். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர் நிற்பார். ஒவ்வொருவர் கையிலும் ஒரு காகிதம். அதில் மூன்று விவரம்: குடும்பத் தலைவரின் பிறந்த தேதி, வீட்டு ஹால் பார்த்திருக்கும் திசை, வாங்க நினைக்கும் ஹோம் தியேட்டர் ஆம்ப்ளிஃபயரின் சீரியல் நம்பர்.

ஆமாம், ஆம்ப்ளிஃபயருக்குத்தான் இந்தப் பாடு.

அது ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. படத்தின் ஒலியை வாங்கிப் பெருக்கி, ஹாலைச் சுற்றி வைத்திருக்கும் ஐந்தோ ஏழோ ஸ்பீக்கர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கும் பெட்டி. குறைந்த விலையில் உண்டு, யானை விலையில் உண்டு, நடு விலையிலும் உண்டு. குறைந்த விலைக்காரன் கடையில் இருப்பதைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். யானை விலைக்காரன் ஆளை அனுப்பி வாங்குவான். இந்த நடு விலைக்காரன் இருக்கிறானே, அவன்தான் ஆறு மாதம் தவிப்பான். இருபது வீடியோ பார்ப்பான். புரியாத வாட்ஸ் கணக்கைப் புரிந்ததுபோல் ஒப்பிடுவான். யாராவது ஒருத்தர் கையைப் பிடித்து ‘இதுதான், எடுத்துக்கோ’ என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஏங்குவான். அந்த ஏக்கத்தின் மேல்தான் கடை விரித்திருந்தார் செவிச்செல்வர்.

பட்டம் அவராகச் சூட்டிக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் அதே கடையின் கீழ்த்தளத்தில் அவர் மிக்ஸி விற்றுக்கொண்டிருந்தார். மிக்ஸி விற்றபோது ஞானம் வரவில்லை. அந்தச் சத்தத்தில் வருவது கஷ்டம்தான். மாடிக்கு மாற்றினார்கள், மறுவாரமே வந்துவிட்டது.

தெருவில் நடக்கும்போது இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருப்பார். மட்டமான ஓசைகள் பட்டால் செவி கெட்டுவிடுமாம். மாடியறைக்கு வந்ததும் ஒரு சின்ன வெள்ளித்தட்டை நீட்டுவார்கள். அதில் பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். காதிலிருந்து பஞ்சை எடுப்பதைப் பார்க்க முப்பது பேர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்த ஊர் எங்கள் ஊர்.

பிறகு ஆம்ப்ளிஃபயரின் தலையில் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். குணம் சொல்வார்.

“இவன் கோபக்காரன். வெடிச் சத்தம் பிரமாதமா வரும், வசனம் வராது. இவன் கூச்ச சுபாவம். விருந்தாளி வந்துட்டா வாயைத் திறக்க மாட்டான்.”

“எங்க வீட்ல ஏற்கெனவே கோபக்காரர் ஒருத்தர் இருக்காருங்க ஐயா,” என்றார் ஓர் அம்மாள்.

“அப்போ கூச்சக்காரனை எடுத்துக்கோம்மா. ரெண்டும் ஒத்துப்போகும்.”

கணவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவரும் தலையாட்டினார்.

இது வெறும் முன்னோட்டம்தான். அசல் வியாபாரம் அடுத்தது. பெட்டியிலிருந்து வெளியே வரும் எந்த ஆம்ப்ளிஃபயரும் தூக்கத்தில் இருக்கும் என்பது செவிச்செல்வரின் கண்டுபிடிப்பு. தொழிற்சாலையில் யார் எழுப்பி விடுகிறார்கள்? அதனால் உள்ளறையில் இருபத்தொரு நாள் வைத்து, தினமும் அதோடு பேசி, அவர் எழுப்புவார். எழுந்துவிட்டால் மேலே பச்சை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் ஒட்டியதும் நடு விலை ஒன்றரை மடங்கு ஆகிவிடும். எழுந்தது மறுபடி தூங்காமல் இருக்க மேலே ஒரு வழுவழுப்பான ‘மௌனக் கல்’ வைக்க வேண்டும். அது தனி விலை. அதே கல்லை இரண்டு கடை தள்ளி மீன் தொட்டி விற்பவர் கிலோக் கணக்கில் கொடுக்கிறார். ஆனால் மீன்களுக்கு மௌனம் தேவைப்படுவதில்லை போலும்.

கேட்டுப் பார்க்காமல் வாங்குவார்களா என்று நீங்கள் கேட்கலாம். மாட்டார்கள். அதற்கும் ஏற்பாடு உண்டு. மேஜைமேல் ஒரே கம்பெனி, ஒரே மாடலில் இரண்டு ஆம்ப்ளிஃபயர் இருக்கும். ஒன்று தூங்குவது, ஒன்று விழித்தது. வெளிச்சம் பட்டால் கண் கூசுமாம், அதனால் இரண்டின் முகத்தையும் வெல்வெட் துணி மறைத்திருக்கும். நடுவில் ஒரு சுவிட்ச். இந்தப் பக்கம் திருப்பினால் தூங்குவது பாடும், அந்தப் பக்கம் திருப்பினால் விழித்தது பாடும். ஸ்பீக்கர்கள் இரண்டுக்கும் பொது.

செவிச்செல்வர் முதலில் தூங்குவதைப் பாடவிடுவார். பிறகு சுவிட்சைத் திருப்புவார்.

“வித்தியாசம் கேட்டவங்க விரலைத் தூக்குங்க. கேக்காதவங்க வருத்தப்பட வேண்டாம். உங்க காது இன்னும் திறக்கல, அவ்வளவுதான். அடுத்த வாரம் வாங்க.”

பக்கத்தில் முதலாளி, பின்னால் மேலதிகாரி, முன்னால் எதிர்வீட்டுக்காரி உட்கார்ந்திருக்கும்போது காது திறக்காத ஆள் என்று பெயர் எடுக்க யாருக்கு மனசு வரும்? முப்பது விரலும் மேலே போகும். நானும் தூக்கினேன். பொய் சொல்ல விரும்பவில்லை.

நான் அங்கே போனது எனக்காக இல்லை, என் அண்ணனுக்காக.

அண்ணன் இருபத்தெட்டு வருடமாக லேத் பட்டறையில் இரும்பு கடைகிறவர். கையில் அளவு தப்பாது. காதுதான் போய்விட்டது. வீட்டில் படம் பார்க்க உட்கார்ந்தால் வசனத்துக்கு வசனம் கேட்பார்.

“என்ன சொன்னான்?”

“வான்னு சொன்னான்,” என்பார் அண்ணி.

“எதுக்கு வரச் சொன்னான்?”

அதற்குள் அவன் வந்து, சண்டை போட்டு, கல்யாணமும் முடித்திருப்பான். ஒவ்வொருவராக எழுந்து சமையலறைக்குப் போய்விடுவார்கள். கடைசியில் அண்ணன் மட்டும் தனியாக உட்கார்ந்து வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதைப் பார்க்க எனக்கு மனசு தாங்காது.

போன மாதம் விஷயம் விளையாட்டாக இல்லை. பட்டறையில் தலைக்கு மேலே ஓடும் கிரேன், மணி அடித்தபடி பாரத்தோடு வந்தது. எல்லோரும் விலகினார்கள். அண்ணன் விலகவில்லை. பக்கத்து மிஷின்காரர் சட்டையைப் பிடித்து இழுத்ததால் தலை தப்பியது. அன்றிலிருந்து அண்ணிக்குப் பகலில் வேலை ஓடவில்லை. பட்டறை விட்டு அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் வரை பயம்தான்.

என் மனைவி மருத்துவமனையில் காது பரிசோதனை செய்பவள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆளை உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கச் சொல்வதுதான் அவள் வேலை. அண்ணனையும் அப்படி உட்கார வைத்தாள். இரண்டு காதுக்கும் கருவி வேண்டும் என்று தெரிந்தது. நாள் குறித்துக் கொடுத்தார்கள்.

அண்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. “காதுல மிஷின் வெச்சுட்டுப் போனா, கிழவன்னு மூலையில உக்கார வெச்சிருவானுங்க. எனக்குக் காதுல குறை இல்ல. நம்ம டிவியில ஆம்ப்ளிஃபயர் இல்ல, அதான் குறை. நல்லதா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் சரியாயிரும்.”

இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் அந்த வரிசையில் போய் நின்றோம்.

மாடியறையில் சுவிட்ச் திரும்பியது. அண்ணன் விரலைத் தூக்கினார். செவிச்செல்வர் அண்ணனின் சட்டைப்பையில் பட்டறை அடையாள அட்டை தொங்குவதைப் பார்த்துவிட்டார். இரண்டு கேள்வி கேட்டார். விவரம் கையில் வந்ததும் அண்ணன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“இவரைப் பாருங்க. இருபத்தெட்டு வருஷம் இரும்புச் சத்தத்துல கிடந்த காது. ஆஸ்பத்திரியில மிஷின் வைக்கச் சொல்லிட்டாங்க. இப்போ விழிச்ச ஆம்ப்ளிஃபயர் பட்டதும் திறந்துக்கிச்சு. ஐயா, உங்களுக்கு மிஷின் எதுக்கு? ரெண்டு மாசம் இது முன்னாடி உக்காருங்க, போதும்.”

கூட்டம் கை தட்டியது. அண்ணன் கண் கலங்கியது. நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் என் விரலும் அப்போது மேலேதானே இருந்தது? கருவிக்கென்று எடுத்து வைத்த பணத்தில் முன்பணம் கட்டினார் அண்ணன். உள்ளறையில் ஏற்கெனவே பதினான்கு நாள் ஆகியிருந்த ஆம்ப்ளிஃபயர் ஒன்று அடுத்த ஞாயிற்றுக்கிழமை கைக்கு வரும். மருத்துவமனையில் குறித்த நாளைப் படியில் இறங்கும்போதே போன் செய்து ரத்து செய்தார்.

வீட்டுக்கு வந்ததும் அறிவித்தார். “என் காதுல ஒரு குறையும் இல்ல. விரலைத் தூக்கிக் காட்டிட்டு வந்திருக்கேன். இவனைக் கேளுங்க.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“மாமா, அன்னிக்கு ஆஸ்பத்திரியில நான் கொடுத்த சத்தத்துல பாதிக்கு மேல உங்களுக்குக் கேக்கல,” என்றாள் என் மனைவி.

“என்னம்மா?”

“பாதிக்கு மேல கேக்கலன்னு சொன்னேன்.”

“அது உங்க ஆஸ்பத்திரி மிஷின் தூங்குது. அதையும் அவர்கிட்ட ஒரு தடவை காட்டு.”

அண்ணி கையிலிருந்த பாத்திரத்தைக் கொஞ்சம் வேகமாகவே கீழே வைத்தார். “கிரேன் மணி அடிச்சப்போ அதுவும் தூங்கிட்டுதான் இருந்துச்சா? நாளைக்கு உங்களுக்கு ஒண்ணுன்னா அந்த மனுஷன் வந்து எழுப்புவாரா?”

அண்ணன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். கேட்கவில்லையா, கேட்காததுபோல் இருந்துவிட்டாரா என்று கண்டுபிடிக்க எந்த மருத்துவமனையிலும் வசதி கிடையாது.

அவர் போன பிறகு என் மனைவி என்னை உட்கார வைத்து விசாரித்தாள்.

“ரெண்டாவது தடவை பாடுனப்போ சத்தம் கூடுதலா இருந்துச்சா?”

“சத்தம் இல்ல. தெளிவு.”

“சத்தத்தைக் கொஞ்சமா கூட்டினா சத்தம் கூடினதாத் தெரியாது. தெளிவாத்தான் தெரியும். நான் தினம் பாக்குறேன்.”

“அவர் ரிமோட்டைத் தொடவே இல்லையே.”

“முன்னாடியே கூட்டி வெச்சிருந்தா எதுக்குத் தொடணும்? துணியை எதுக்குப் போர்த்தியிருக்காரு?”

“வெளிச்சம் பட்டா அதுக்குக் கண்ணு கூசுமாம்.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது எப்படி விழுந்தது என்று தெரிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அப்படி ஒரு பார்வையை நான் வாங்கியதில்லை.

“விரலைத் தூக்கச் சொல்றது என் வேலை,” என்றாள். “அதை அவர் பாக்குறாரு. ஆனா பாதிதான் பாக்குறாரு. மீதியை நான் ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மாடியறையில் கால் வைக்க இடம் இல்லை. ‘காது திறந்த இரும்புக்காரர்’ ஆம்ப்ளிஃபயர் வாங்க வருகிறார் என்று செய்தி பரவியிருந்தது. அண்ணனை இரண்டாவது வரிசையில், எல்லோரும் பார்க்கும்படி நடுவில் உட்கார வைத்தார்கள். ஒரு பக்கம் பல் மருத்துவர், மறுபக்கம் ஓட்டுநர் பயிற்சிக்காரர். பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய அண்ணனின் ஆம்ப்ளிஃபயர்தான் இன்று மேஜைமேல் ‘விழித்தது’ என்ற இடத்தில் இருந்தது. அதன் அட்டைப்பெட்டி பக்கத்தில் இருந்தது.

பஞ்சு தட்டுக்கு வந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. தூங்குவது பாடியது, விழித்தது பாடியது, விரல்கள் உயர்ந்தன. எல்லாம் முறைப்படி நடந்தது. அப்போது என் மனைவி எழுந்தாள்.

“ஐயா, ஒரு சின்ன ஆசை. இந்தத் தடவை சுவிட்சை நான் திருப்பட்டுமா? நீங்களும் எங்களோட உக்காந்து கேளுங்க.”

“சுவிட்சுல கை வைக்கப் பயிற்சி வேணும்மா.”

“இந்தப் பக்கம் திருப்பினா இது, அந்தப் பக்கம் திருப்பினா அது. இதுக்கு எத்தனை நாள் பயிற்சிங்க?”

யாரோ சிரித்துவிட்டார்கள். செவிச்செல்வர் யோசித்தார். ஆனால் பக்தர்கள் யோசிக்க விடவில்லை.

“ஐயாவுக்கு இதெல்லாம் தூசு,” என்றார் பல் மருத்துவர்.

“பண்ணிக் காட்டுங்க ஐயா, இன்னும் பத்துப் பேருக்கு நம்பிக்கை வரும்,” என்றார் கடை முதலாளி. அவர் மனதில் பத்துப் பேரும் பில்லோடு நின்றுகொண்டிருந்தார்கள்.

வேறு வழியில்லாமல் செவிச்செல்வர் சுவிட்சைப் பழையபடி தூங்குவதன் பக்கம் திருப்பிவிட்டு, முன்வரிசைக்கு வந்து, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். எதிரே மௌனக் கல் அடுக்கிய கண்ணாடி அலமாரி. கண்களை மூடிக்கொண்டார்.

என் மனைவி அந்த அட்டைப்பெட்டியை எடுத்துச் சுவிட்சுக்கு முன்னால் நிறுத்தினாள். இப்போது அவள் கை யாருக்கும் தெரியாது. கைப்பை கீழே விழுந்தது. குனிந்து எடுத்தாள், நிமிர்ந்தாள்.

“பத்துத் தடவை பாக்கலாம். நான் நம்பர் சொல்லுவேன். விழிச்சது பாடுனா விரலைத் தூக்குங்க. தூங்குறது பாடுனா இறக்கிடுங்க. யார் எப்போ தூக்குறாங்கன்னு இவர் குறிச்சுக்குவார்.”

நான் காகிதத்தோடு தயாராக இருந்தேன். பாட்டு ஓடத் தொடங்கியது. ஒரு பெண் குரல், கூட ஒரு வயலின்.

“ஒண்ணு.” டிக் என்று சத்தம். யாரும் அசையவில்லை.

“ரெண்டு.” டிக். பல் மருத்துவருக்கு மூக்குக் கண்ணாடி வழுக்கியது, கையால் தள்ளிவிட்டார். அண்ணன் விரல் சட்டென்று மேலே போனது. அடுத்த நொடி வரிசை முழுக்க விரல்கள். செவிச்செல்வர் விரலும் எழுந்தது.

“ஆங், வந்துட்டான்,” என்றார்.

“மூணு.” டிக். மருத்துவர் கையை மடியில் போட்டார். எல்லாம் இறங்கின.

“போயிட்டான். பாவம், குரல்ல தூசி படிஞ்சுபோச்சு.”

இப்படியே போயிற்று. ஐந்தில் விரல், ஆறில் விரல். ஏழில் செவிச்செல்வர் உச்சத்துக்குப் போய்விட்டார். “அந்தப் பாடகி என் பக்கத்துல வந்து நிக்குறா. மூச்சுக்காத்து என் தோள்ல படுது.” பக்கத்து நாற்காலிக்காரர் பாடகிக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். எட்டு, ஒன்பது, பத்து. மொத்தம் ஆறு தடவை விரல்கள் எழுந்தன என்று நான் குறித்திருந்தேன்.

என் மனைவி அட்டைப்பெட்டியை நகர்த்தினாள்.

சுவிட்ச் தூங்குகிறவன் பக்கம் இருந்தது. அவள் வலது கையில் ஒரு பந்துமுனைப் பேனா. அதன் தலையைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினாள். டிக். இன்னொரு தடவை, டிக். பிறகு இடது கையைத் தூக்கினாள். அதில் ஒரு பிளக் தொங்கியது. அந்த வயர் எங்கே போகிறது என்று எல்லோர் கண்ணும் தேடிக்கொண்டே போய், பச்சை ஸ்டிக்கரில் முடிந்தது.

“சுவிட்சை நான் தொடவே இல்ல,” என்றாள். “விழிச்சதுக்குக் கரண்டே இல்ல. பத்துத் தடவையும் பாடுனது தூங்குறதுதான்.”

பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

“என் வேலையில ஒரு வழக்கம் உண்டு. நடுவுல சத்தமே கொடுக்காம சும்மா இருப்போம். அப்பவும் விரல் மேல வந்தா, அவர் காதால கேக்கல, ஆசையால கேக்குறாருன்னு குறிச்சுக்குவோம். இன்னிக்கு முழு ரூமும் ஆசையாலதான் கேட்டிருக்கு.”

செவிச்செல்வர் எழுந்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று எதிர்பார்த்த நான் ஒரு முட்டாள். “பிளக்குல இருந்துதான் சக்தி வருதுன்னு நினைக்கிறது உங்க அறியாமைம்மா. முழுசா விழிச்சதுக்குக் கரண்டு எதுக்கு?”

இதைக் கேட்டுப் பல் மருத்துவர் பரவசமாகிவிட்டார். “அதானே பாத்தேன். பிளக் இல்லாமலே இப்படிப் பாடுதுன்னா, பிளக் போட்டா எப்படிப் பாடும்?”

பின்வரிசையில் இரண்டு பேர் பர்ஸை எடுத்தார்கள். எனக்கு எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது.

என் மனைவிக்குக் கோபம் வரவில்லை. காது கேட்காதவர்களோடு பழகிப் பழகி வந்த பொறுமை. பிளக்கைச் சொருகினாள். இரண்டு துணியையும் உருவினாள். தூங்குகிறவன் முகத்தில் முப்பது என்று எண் எரிந்தது. விழித்தவன் முகத்தில் முப்பத்தாறு.

“துணிக்குக் கீழ இருந்த ஞானம் இந்த ஆறுதான்,” என்று சொல்லி, அதையும் முப்பதுக்கு இறக்கினாள். இந்தத் தடவை எல்லோர் கண் முன்னாலும் சுவிட்சை நிஜமாகவே மாற்றி மாற்றித் திருப்பினாள். “எங்க, வித்தியாசம் கேட்டவங்க தூக்குங்க.”

விரல்கள் அவரவர் மடியில் பத்திரமாக இருந்தன.

அப்போதுதான் அண்ணன் எழுந்தார். அவருக்கு நடந்தது பாதி காதில் விழுந்திருக்கும், பாதி கண்ணால் புரிந்திருக்கும்.

“நான் எத்தனை தடவைம்மா தூக்கினேன்?”

“ஆறு தடவை மாமா,” என்றாள் அவள், அவருக்குக் கேட்கும்படி.

“எத்தனை சரி?”

“ஒண்ணுகூட இல்ல.”

அண்ணன் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். “எனக்கு அந்தப் பாட்டே சரியாக் கேக்கல. போன வாரமும் கேக்கல. இந்த டாக்டர் கையைப் பாத்துப் பாத்துத்தான் தூக்கினேன்.”

அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்ல அவருக்கு என்ன பாடு பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் மருத்துவர் அழவிடவில்லை.

“என் கையையா? நான் உங்களைப் பாத்துல்ல தூக்கினேன். காது திறந்தவருன்னு ஐயா சொன்னாரே. ரெண்டாவது தடவை நான் விரலே தூக்கல, கண்ணாடியைத் தள்ளிவிட்டேன். நீங்க தூக்கினீங்கன்னுதான் நானும் தூக்கினேன்.”

“நான் உங்க ரெண்டு பேரையும் பாத்தேன்,” என்றார் ஓட்டுநர் பயிற்சிக்காரர்.

“நாங்க உங்க மூணு பேரையும்,” என்றது பின்வரிசை.

“ஐயா யாரைப் பாத்தார்?” என்று ஒரு குரல் கேட்டது.

என் மனைவி மௌனக் கல் அலமாரியைக் காட்டினாள். அதன் கண்ணாடிக் கதவில் முப்பது பேரும், முப்பது கைகளும் பளிச்சென்று தெரிந்தன. “ஐயா கண்ணை முழுசா மூடலங்க. எனக்கு நேர் எதிர்லதானே இருந்தாரு.”

ஆக, ஒருவர் மூக்குக் கண்ணாடி வழுக்கியிருக்கிறது. காது கேட்காத ஒருவர் அதைப் பார்த்து விரல் தூக்கியிருக்கிறார். அவரைப் பார்த்து ஊர் தூக்கியிருக்கிறது. ஊரைப் பார்த்து ஞானி தூக்கியிருக்கிறார். பாடகி வந்து தோளில் மூச்சு விட்டது இந்த வழியாகத்தான்.

முதல் சிரிப்பு அண்ணனிடமிருந்து வந்தது. பிறகு அறை முழுக்கச் சிரித்தது. செவிச்செல்வர் வெள்ளித்தட்டிலிருந்து பஞ்சை எடுத்து இரண்டு காதிலும் அழுத்தி வைத்துக்கொண்டு, படியில் இறங்கிப் போனார். முன்பணத்தைக் கேட்டு நாலைந்து பேர் பின்னாலேயே கத்திக்கொண்டு போனார்கள். திரும்பியே பார்க்கவில்லை.

“எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல மேடம். அவர் எங்ககிட்ட மிக்ஸி விக்கிறவர்,” என்றார் முதலாளி. என் மனைவி கல்லாவைப் பார்த்தபடியே நின்றாள். அன்று மதியத்துக்குள் எல்லோருக்கும் பணம் திரும்பியது.

அண்ணன் செவ்வாய்க்கிழமை தானாகவே மருத்துவமனைக்குப் போனார். இரண்டு காதிலும் கருவி வைத்துக்கொண்டு பட்டறைக்குப் போன முதல் நாள், யாரும் அவரை மூலையில் உட்கார வைக்கவில்லை. இன்னும் இரண்டு பேர் ரகசியமாக வந்து, எங்கே வாங்கினது என்று விசாரித்தார்கள். கிரேன் மணி அடித்தது. அண்ணன் மற்றவர்களுக்கு முன்னால் விலகி நின்றார். அதைப் போனில் கேட்ட அண்ணி, அடுப்பை அணைத்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்தார்.

ஆம்ப்ளிஃபயரும் வாங்கினோம். அதே மாடல், அதே நடு விலை, பெட்டி பிரிக்காத, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த ஒன்று. வசனம் வரும் நடு ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் கூட்டி வைத்தாள் என் மனைவி. குடும்பமே உட்கார்ந்து படம் பார்த்தோம். அண்ணன் அரை மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

“என்னண்ணே, கேக்குதா?” என்றேன்.

“எல்லாம் கேக்குது. இத்தனை வருஷமா இந்த வசனத்துக்காகவா உங்க உயிரை வாங்கினேன்?”

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டம் அப்படி விடுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு வரிசை. முதல் ஆள் பல் மருத்துவர். மூன்று ஆம்ப்ளிஃபயரின் படங்களை நீட்டினார்.

“அம்மா, உங்க காது அசாத்தியக் காது. மூணும் ஒரே விலை. எதை எடுக்கலாம்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா சரியா இருக்கும்.”

“உங்க ஹால் எவ்வளவு பெருசு? எத்தனை ஸ்பீக்கர் வைக்கப்போறீங்க? என்னென்ன சாமான் அதுல மாட்டணும்? இந்த மூணு கேள்விக்கும் எது பொருந்துதோ அதை எடுங்க. ரெண்டு பொருந்துச்சுன்னா, சத்தத்தைச் சமமா வெச்சு நீங்களே கேளுங்க. வித்தியாசம் தெரியலன்னா விலை குறைஞ்சதை எடுங்க.”

“அவ்வளவுதானா?” என்றார் மருத்துவர்.

“அவ்வளவுதாங்க. நான் சொன்னதையும் நம்ப வேண்டாம். கடையில செஞ்சு பாத்துக்குங்க.”

மனிதர் முகம் தொங்கிப்போயிற்று. ஒன்றரை மடங்கு கொடுத்து ஏமாந்தபோதுகூட வாடாத முகம், காசு இல்லாமல் உண்மை கிடைத்ததும் வாடிவிட்டது. கையையாவது ஒரு தடவை படத்தின்மேல் வைத்துக் கொடுக்க முடியுமா என்று பின்னால் நின்ற அம்மாள் கேட்டார்.

என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. வாசலில் நின்று சொல்லிப் பார்த்தேன். காதைத் திறக்க ஆள் வேண்டும் என்றால், மருத்துவமனையில் மூன்றாம் எண் அறைக்குப் போய் டோக்கன் வாங்கி உட்காருங்கள், திறந்து தருவார்கள். மண்டையைத் திறக்க எந்த அறையிலும் ஆள் கிடையாது, அதை அவரவர்தான் திறந்துகொள்ள வேண்டும்.